கணக்கில் வராத கைகள்

காசிமேட்டுக் கருங்கல் சுவரில் உட்கார்ந்துகொண்டு என் ஆயா கடலைக் காட்டுவாள். "அதோ அலை உடையுதே, அங்கதான் எங்கம்மா கருவாடு காய வெச்சது" என்பாள். சின்ன வயதில் அதை நான் கதை என்றுதான் நினைத்தேன். கடலுக்குள் யாராவது கருவாடு காயவைப்பார்களா? கல்லூரிக்குப் போய், சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் ஆயா கணக்காகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. அவள் காட்டிய இடத்தில் ஒருகாலத்தில் கரை இருந்தது.

1875 டிசம்பரில் இங்கிலாந்தின் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1876-இல் வேலை தொடங்கியது. 1881 புயல் கட்டியதில் பெரும்பகுதியை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல்லைப் போட்டு நிறுத்தினால் மணல் தெற்கே தேங்கும், வடக்கே கரை அரித்துப்போகும். அப்படித் தேங்கிய மணலால்தான் மெரினா இவ்வளவு அகலமானது. ஊரே மாலையில் காற்று வாங்கப் போகும் அந்த மணல் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணல். எங்களுக்குக் கிடைத்தது கருங்கல் சுவர்.

துறைமுக வரலாற்றை எழுதியவர்கள் கப்பல், சரக்கு, பொறியாளர், புயல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். கரை போனதில் யாருக்கு என்ன போனது என்று கேட்டால் வீடுகள் போயின, கட்டுமரம் ஏற்றும் இடம் போனது என்று ஒரு வரி கிடைக்கும். ஆனால் கரை என்பது பெண்களின் வேலையிடம். ஆண் கடலில் இருக்கும் நேரமெல்லாம் பெண் மணலில் இருந்தாள். மீனைப் பிரித்தாள், ஏலம் கேட்டாள், உப்பிட்டாள், காயவைத்தாள், அன்னக்கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். விற்காத மீன் கருவாடாகும் என்ற நம்பிக்கையில்தான் அவளால் பேரம் பேச முடிந்தது. காயவைக்க மணல் இல்லாதவள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மணலோடு அவளுடைய பேரம் பேசும் பலமும் போனது. இதை எந்த நிர்வாக அறிக்கையும் இழப்பு என்று குறித்துவைக்கவில்லை.

1980-களில் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் வந்தது. விசைப்படகுகள் பெருகின, பிடிபடும் மீனும் பெருகியது. வட்டிக்கு வாங்காமல் ஏலத்தில் நிற்க முடியாத நிலையும் கூடவே வந்தது. படகு ஆணின் பேரில் பதிவானது, டீசல் மானியம் படகின் பேரில் வந்தது. அதிகாலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய் நின்ற ஆயா எந்தப் பதிவேட்டிலும் மீனவர் இல்லை, மீனவரின் மனைவி. தாத்தா இறந்த பிறகு மீனவரின் விதவை.

இதையெல்லாம் எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் ராயபுரத்திலிருந்து வடக்கே போகப் போக, ஆயாவின் பெயராவது யாரோ ஒருவரின் மனைவி என்று ஒரு தாளில் இருந்தது என்பது தெரிந்தது. அதுகூட இல்லாதவர்கள் எண்ணூரில் இருந்தார்கள்.

எண்ணூர் ஒரே நாளில் தொழிற்பேட்டை ஆகிவிடவில்லை. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806 வாக்கில் ஒரு கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. பாசில் காக்ரேன் என்ற வணிகரின் பேரில் காக்ரேன் கால்வாய் என்று முதலில் அழைத்தார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அதை நகருக்குள் நீட்டி, அன்றைய ஆளுநரின் பேரால் பக்கிங்காம் கால்வாய் என்று ஆக்கினார்கள். உப்பும் விறகும் அந்த வழியாக நகரத்துக்கு வந்தன. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலை வந்தது. விம்கோ நகர் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் உரத் தொழிற்சாலையும் வந்தன. 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம், 1990-களின் நடுவில் வட சென்னை அனல் மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், 2012 முதல் வல்லூர் அனல் மின் நிலையம் என்று வரிசையாக வந்தன.

ஒவ்வொன்றும் வரும்போது வேலை வரும் என்று சொன்னார்கள். வேலை வந்ததும் உண்மை. எங்கள் தெருவிலேயே தொழிற்சாலைச் சம்பளத்தில் மாடி எடுத்த வீடுகள் உண்டு. தொழிற்சங்கம் வளர்ந்த பூமி இது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த வேலை ஆணுக்கான வேலை, அதிலும் படித்த ஆணுக்கான வேலை. ஆற்றில் பெண் செய்துகொண்டிருந்த வேலைக்கு மாற்றாக ஆலைக்குள் அவளுக்கு ஒரு வேலை தரப்படவில்லை. பிறகு வந்தபோது அது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையாக வந்தது.

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் எண்ணூர்க் கழிமுகம்தான் இந்தக் கதையின் மையம். அங்கே நன்னீரும் உப்புநீரும் கலக்கும். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு உள்ளே வந்து வளர்ந்து திரும்பப் போகும். மடவை, நண்டு, இறால் எல்லாவற்றுக்கும் அதுவே தொட்டில். அந்த நீரில்தான் மின் நிலையங்களின் சூடான நீர் வந்து விழுந்தது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்த இடங்களிலெல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கியது. ஆழமாக ஓடிய இடங்களில் இடுப்பளவு நீர், இடுப்பளவு நின்ற இடத்தில் சாம்பல் திட்டு. செப்பாக்கம் போன்ற ஊர்கள் சாம்பல் குளத்தின் ஓரத்திலேயே வாழவேண்டி வந்தது. அங்கே துணி துவைத்துக் காயப்போடுகிறவள் யார், சாம்பல் படிந்த துணியை மறுபடி துவைக்கிறவள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீரை அழிப்பதற்கு முன்னால் அதைத் தாளில் அழித்திருந்தார்கள். 1996-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இந்தக் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்தது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்த வேறொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை. மீனவர்களும் சூழலியலாளர்களும் போராடித்தான் அதை ஊரறியச் செய்தார்கள். புறம்போக்கு என்ற சொல்லையும் அந்த ஆண்டுகளில்தான் மீட்டெடுத்தோம். எல்லோருக்கும் பொதுவானது என்ற பொருளில் இருந்த சொல், யாருக்கும் உதவாதது என்ற வசையாக எப்போது மாறியது என்று அப்போதுதான் பலரும் கேட்கத் தொடங்கினார்கள். பட்டா உள்ள நிலம் போனால் இழப்பீடு உண்டு. புறம்போக்கு நீர் போனால் யாருக்கு என்ன தருவது?

இங்கேதான் இருளர் பெண்கள் வருகிறார்கள்.

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் கழிமுகத்தின் ஓரங்களில் இருளர் குடியிருப்புகள் உண்டு. இருளர் என்றதும் பாம்பு பிடிப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வணிகம் நின்றதும், 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் தெரிந்த வரலாறு. நீரில் வாழும் இருளரின் வரலாறு அவ்வளவு தெரிந்ததல்ல. அவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை. நீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கைகளால் தடவி, விரல் நுனியில் இறால் துள்ளுவதை உணர்ந்து பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே மணிக்கணக்கில் நகர்வார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்யும் வேலை இது. எங்கள் கடல் தொழிலில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. நீரில் இறங்கிப் பிடிப்பதும் பெண், தன் கையால் பிடித்ததைத் தானே விற்பதும் பெண்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் நீளத்தையும் தலையின் அகலத்தையும் கருவி வைத்து அளந்த காலம் அது. அந்தத் தொகுதிகளில் இருளரும் இருக்கிறார்கள். இன்று அவர்கள் அரசின் பட்டியலில் குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகளில் ஒருவர். ஆனால் அந்தப் பட்டியலின் உரிமையைப் பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முகவரி வேண்டும். முகவரிக்குப் பட்டா வேண்டும். குடியிருப்பு நிற்பதோ புறம்போக்கில்.

சட்டங்களைப் பார்த்தால் இவர்கள் எதற்குள்ளும் பொருந்துவதில்லை. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு மீன் மீதும் நீர்நிலை மீதும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் அது வனத்துக்குள் இருக்கும் நீருக்கு. மீனவர் நலத் திட்டங்களோ படகையும் வலையையும் கடலையும் பார்க்கின்றன. பழங்குடி என்றால் மலை, மீனவர் என்றால் படகு என்று முடிவு செய்துவிட்டார்கள். படகில்லாமல் கையால் மீன் பிடிக்கும் சமவெளிப் பழங்குடிப் பெண் எந்த அலுவலகத்தின் பொறுப்பு?

அரசை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சண்டையில்லாமல், ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிவிடாமல் காத்த நல்ல முறை என்று ஆய்வாளர்கள் புகழ்கிறார்கள். புகழத் தக்கதுதான். ஆனால் மரபாகப் பாட்டுரிமை எங்கள் பட்டினவர் சாதியின் ஆண்களுக்கு. எங்கள் பெண்களுக்கு அதில் பெயர் இல்லை, இருளருக்கு அறவே இல்லை. பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் உழைப்பு, துன்பம் என்றும் பொருள் உண்டு. அந்தப் பாட்டைப் படுவதற்குப் பெண்களுக்கும் இருளருக்கும் யாரும் தடை சொன்னதில்லை.

என் ஆயாவே இருளர் பெண்களிடம் இறால் வாங்கி விற்றவள்தான். அவர்களிடம் ஐஸ் இல்லை, காத்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். காசிமேட்டு ஏலத்தில் வட்டிக்காரன் தன்னிடம் எப்படி விலையை இறக்கினானோ, அதே மாதிரி அவர்களிடம் அவள் இறக்கினாள். வாங்கிய பிறகு அவர்களுக்குத் தண்ணீர் தருவாள், தன் சொம்பில் அல்ல. இதை எழுதும்போது ஆயாவைக் காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. எழுதாவிட்டால் அந்தப் பெண்களை இன்னொரு முறை அழித்ததாகும்.

கையால் பிடிப்பதை வறுமையின் அடையாளமாகப் பார்க்கிறோம். ஒரு படகாவது வாங்கித் தரக்கூடாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. நானும் கேட்டவள்தான். பிறகுதான் அதன் இன்னொரு பக்கம் விளங்கியது. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் திரும்பத் திரும்ப இருந்திருக்கின்றன. 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் முன்பணம் என்ற கயிறு அறுபடவில்லை. ஒரு பிரசவத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ஆயிரத்துக்குக் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சூளையில் கிடக்க வேண்டும். அந்தக் கயிற்றில் விழாமல் பிழைக்க ஒரு வழி கழிமுகத்தில் இருந்தது. நீர் வற்றும்போது இறங்கினால் அன்றைய சோறு. யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம், யாரும் மேற்பார்வை பார்க்க மாட்டார்கள், கருவி வாங்கக் கடன் வேண்டாம். அந்த நீரில் சாம்பல் இறங்கும்போது அழிவது இறால் மட்டுமல்ல. சூளை முதலாளியிடம் வரமாட்டேன் என்று சொல்லும் சக்தியும் அழிகிறது. மணல் போனபோது ஆயாவின் அம்மா இழந்ததும் இதுதான்.

காட்டுப்பள்ளி இந்த வரலாற்றின் இன்றைய அத்தியாயம். பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே ஒடுக்கமான மணல் மேடு. 2000-களின் இறுதியில் கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். வேலை தருவதாக வாக்குறுதி இருந்தது. நிரந்தர வேலை கேட்டு அவர்கள் பிறகு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தளத்தோடு வந்த துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. முந்நூற்றுச் சொச்சம் ஏக்கரில் இருக்கும் அதை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. கடலை மண் கொட்டி நிரப்பி எடுக்கும் பரப்பும் அதில் அடக்கம். சென்னைத் துறைமுகம் ராயபுரத்துக்குச் செய்ததை இது பழவேற்காட்டுக்குச் செய்யும் என்பதுதான் அங்குள்ளவர்களின் பயம். நூற்றைம்பது ஆண்டு அனுபவத்திலிருந்து வந்த பயம் அது. 2021 ஜனவரி 22 என்று அறிவித்த பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி அறிவித்தார்கள், அதுவும் நடக்கவில்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் இறங்கியது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. ஏழு ஆண்டு ஆகப்போகும் நேரத்திலும் அதே மீனவர்கள், அதே வாளி. மாத இறுதியில், டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பம் கரையோரம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். சுனாமி வந்ததும் இதே டிசம்பர் 26-தான். பிறகு நெடுநாள் நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள்.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் தந்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். படகுக்கு ஒரு வரி இருந்தது. எண்ணெய் படிந்த வலையைப் பற்றிப் பேசினார்கள். எண்ணெயும் சாம்பலும் கலந்த சேற்றில் நாளெல்லாம் கிடக்கும் கைகளுக்கும், பறியைக் கடித்த வாய்க்கும் என்ன வரி எழுதுவது?

அந்த வெள்ளத்துக்குச் சில மாதங்கள் கழித்துக் கழிமுகத்தின் ஓரத்தில் ஓர் இருளர் பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நிவாரணப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து ரேகைகள் மங்கியிருந்தன. "ரேஷன் கடை மிஷினு என் விரலை எடுக்கறதில்ல" என்றார். இறாலைத் தேடித் தேய்ந்த விரலை இப்போது அரசின் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை.

வளர்ச்சித் திட்டங்களால் இடம்பெயர்ந்தோர் என்று எழுதும்போது வீட்டை இழந்தவர்களை எண்ணுகிறோம். வட சென்னையின் நூற்றைம்பது ஆண்டுகளைப் பார்த்தால், வீடு அதே இடத்தில் இருக்க, அதைச் சுற்றி இருந்த மணலும் நீரும் இடம்பெயர்ந்திருக்கின்றன. அந்த இழப்பை எண்ணப் பட்டாவும் படகும் போதாது. பெண்ணையும் பழங்குடியையும் சேர்த்து மறைக்க அந்த இரண்டு சொற்களே போதுமாக இருந்தன.

காட்டுப்பள்ளிக் கருத்துக் கேட்பு என்றாவது மறுபடி அறிவிக்கப்படும். தடித்த அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் சுருக்கம் மட்டும் வரும். பந்தலில் ஆண்கள் ஒலிபெருக்கிக்கு வரிசையில் நிற்பார்கள். அன்று நானும் போவதாக இருக்கிறேன், மூன்று கேள்விகளோடு. மீனவர் என்று கணக்கெடுத்தபோது படகில்லாதவர்களை எண்ணினீர்களா? நீர் வற்றும் நேரத்தில் கழிமுகத்துக்குப் போய், இறங்கி நிற்பவர்களைப் பார்த்தீர்களா? மூன்றாவது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கானது. இந்த ஏரியைக் காப்பாற்றிய பிறகு, பாட்டில் அந்த அக்காவின் பெயரைச் சேர்ப்பீர்களா?